டெல்டா முள்ளுக்கு எந்த டயர்? டியூப், டியூப்லெஸ், நடுவில் இருக்கும் வழிகள்

மோட்டார் சைக்கிளில் டியூப்லெஸ் டயர் வந்த பிறகு பஞ்சர் பயம் பலருக்கு விட்டுப்போய்விட்டது. ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். கடை வரைக்கும் ஓட்டிக்கொண்டே போய்விடலாம். கடைக்காரரும் சக்கரத்தைக் கழற்றாமல் ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்து அனுப்பிவிடுவார். இந்தப் பழக்கத்தில்தான் இப்போது சைக்கிளுக்கும் கேட்கிறார்கள். மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் காலையில் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் கிளம்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ‘பேசாம டியூப்லெஸ்ஸா மாத்திடலாமா?’ என்ற பேச்சு அவர்களுக்குள் அடிக்கடி வருகிறது.

மாற்றலாம், ஆனால் எல்லாரும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேகம், எடை என்று நிறையச் சொல்வார்கள். டெல்டாவில் இந்த முடிவை எடுக்க வைப்பது முள். நீங்கள் ஓட்டும் பாதையில் என்ன முள் கிடக்கிறது, சைக்கிள் வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதி, உங்கள் சைக்கிளின் ரிம் அதற்கு ஒத்துவருமா என்பதுதான்.

மோட்டார் சைக்கிள் டியூப்லெஸ் வேறு, சைக்கிள் டியூப்லெஸ் வேறு

மோட்டார் சைக்கிள் டயர் தடிமனானது. காற்றை வெளியே விடாத ரப்பர் படலம் ஒன்று அதன் உள்பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் அலாய் வீல் என்பதால் ரிம்மில் போக்ஸ் துளைகள் கிடையாது. அதனால் டயரை மாட்டிக் காற்றடித்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

சைக்கிளில் அப்படி இல்லை. ரிம்மில் 32, 36 என்று போக்ஸ் கம்பிக்கான துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் காற்று போகும் வழி. டயரும் எடை குறைய வேண்டும் என்பதற்காக மெல்லியதாகச் செய்யப்பட்டது. 1999-இல் சைக்கிள் சக்கரம் செய்யும் மேவிக் நிறுவனம் ஹட்சின்சன், மிஷ்லின் ஆகிய டயர் நிறுவனங்களோடு சேர்ந்து மலைச் சைக்கிள்களுக்கு யூ.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. உள்பக்கம் துளையில்லாத ரிம், காற்றை விடாத கனத்த டயர் என்று அது ஏறக்குறைய மோட்டார் சைக்கிள் வழியிலேயே போனது. எடையும் கூட, விலையும் கூட. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஸ் நோடியூப்ஸ் போன்ற நிறுவனங்கள் வேறு வழியைப் பரப்பின. ரிம்மின் உள்பக்கத்தில் ஒட்டும் டேப், மெல்லிய டயர், அதற்குள் ஓட்டையை அடைக்கும் திரவம். இன்று சைக்கிள் டியூப்லெஸ் என்றால் பெரும்பாலும் இதுதான்.

ஆக, சைக்கிளில் டியூப்லெஸ்ஸின் உயிர் அந்தத் திரவத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் ரப்பர் பாலில் நுண்துகள்கள் கலந்து செய்வது. முள் குத்தியதும் உள்ளே இருக்கிற காற்று இந்தத் திரவத்தை ஓட்டை வழியாகத் தள்ளும். வெளிக்காற்று பட்டதும் ரப்பர் பால், உறை ஊற்றிய பால் போலக் கெட்டியாகி, துகள்களோடு சேர்ந்து ஓட்டையில் சிக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஓட்டை வரைக்கும் ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே அடைபட்டுவிடும். வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போது ஈரப்புள்ளி ஒன்று தெரியும், அவ்வளவுதான்.

திரவம் காய்ந்துபோனால் உங்களிடம் இருப்பது டியூப் இல்லாத வெறும் மெல்லிய டயர். முடிவெடுக்கும்போது பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

முதலில் முள்ளைப் பார்ப்போம்

திருவையாறு தொடங்கி பாபநாசம், கும்பகோணம் வரை காவிரி, குடமுருட்டி, அரசலாற்றங்கரைகளில் ஓட்டுகிறவர்களுக்கு முக்கிய எதிரி நெருஞ்சி. பார்க்கச் சின்ன மஞ்சள் பூ, தரையோடு படரும் கொடி. காய் முற்றிக் காய்ந்ததும் ஐந்து துண்டாக உடைகிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சின்ன முள். அது தரையில் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும்படி அமைந்திருக்கிறது. குத்தியதும் காய் உடைந்து விழுந்துவிடும், முள் முனை மட்டும் டயர் ரப்பருக்குள் தங்கிவிடும். நகத்தால் நெருடினால்தான் தெரியும். மாசி, பங்குனியில் ஆற்றில் தண்ணீர் நின்று கரை காய்ந்திருக்கும்போது ஒரு முறை அந்தப் பக்கம் போய்வந்தால், இரண்டு டயரிலும் சேர்த்துப் பத்துக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் செடி நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதி வறண்ட மாநிலங்களிலும் இதே நெருஞ்சி பரவியிருக்கிறது. அங்கே அதை ஆட்டுத்தலை முள் என்ற பொருள்படும் பெயரில் சைக்கிள்காரர்கள் திட்டாத நாளில்லை. திரவம் ஊற்றிய டயருக்கு அங்கே மவுசு வந்ததில் இந்த முள்ளுக்கும் பங்கு உண்டு. நெருஞ்சி போடும் ஓட்டை சிறியது. திரவம் அதைச் சுலபமாக அடைத்துவிடும்.

கிழக்கே போகப் போக முள் மாறுகிறது. திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம், தலைஞாயிறு, கோடியக்கரைப் பக்கம் கடைமடையில் சீமைக்கருவேல்தான் ராஜ்யம் செய்கிறது. காட்டுக்கருவை என்று சொல்வார்கள். அதன் முள் விரல் நீளம் வரை வளரும், இரும்புக் கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும். வேலிக்கு வெட்டுவார்கள், விறகுக்கு வெட்டுவார்கள், வண்டியில் ஏற்றிப் போகும்போது சிம்பு சிம்பாகச் சாலையில் விழும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். அதற்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாருவார்கள். அப்போது கரையில் மண்டிக் கிடக்கும் கருவையை இயந்திரம் அரைகுறையாக நொறுக்கிப் போட்டுவிட்டுப் போகும். அந்த இரண்டு மாதமும் கரையோரம் ஓட்டுகிறவர்களுக்குச் சோதனைக் காலம். இந்த முள் எந்த டயரையும் துளைக்கும், சில சமயம் பக்கவாட்டில் குத்திக் கிழித்தும் விடும். திரவம் பாதி நேரம் காப்பாற்றும், மீதி நேரம் கைவிடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் ஊர் மண் களி. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் ஈரத்தில் போட்ட தடம் கோடையில் அப்படியே இறுகிவிடும். மதகின் சிமெண்ட் விளிம்பு, உடைந்த தார்ச் சாலை ஓரம் எல்லாம் சேர்ந்து டியூபை ரிம்மோடு வைத்து நசுக்கும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. முள்ளே இல்லாமல் வரும் பஞ்சர் இது. டியூப் இல்லாத டயரில் இந்த வகைப் பஞ்சர் ஏறக்குறைய இல்லை.

டியூபின் பலம்

டியூபைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து இன்று வரை உலகின் பெரும்பாலான சைக்கிள்கள் டியூபில்தான் ஓடுகின்றன. கரூர் போனாலும் காரைக்கால் போனாலும் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவிப் பேட்ச் ஒட்டத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். ஒட்டியது பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சைக்கிளை மூன்று மாதம் திண்ணையில் சாத்தி வைத்தாலும் டியூபுக்கு ஒன்றும் ஆகாது, காற்றடித்தால் போதும்.

புல்லுக்கட்டும் பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றுகிற பெரிய சைக்கிளுக்கு இந்தக் கேள்வியே எழாது. 28 அங்குல, ஒன்றரை அங்குல டயரும் இரும்பு ரிம்மும் டியூப்லெஸ்ஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதற்கு நல்ல டயர், நல்ல டியூப், வாரம் ஒருமுறை காற்று. வேறு எதுவும் தேடாதீர்கள். அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளுக்கும் இதே பதில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளில் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்றால் பெரும்பாலும் டயர் வழவழவென்று தேய்ந்திருக்கும். ரப்பர் தேய்ந்து நூல் தெரிகிற டயரில் எந்த முள்ளும் நேரே டியூபுக்குப் போய்விடும். பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருப்பதைவிட டயரை மாற்றுவது லாபம்.

டியூப்லெஸ் தருவது என்ன, கேட்பது என்ன

முதல் லாபம் நெருஞ்சியிலிருந்து விடுதலை. ஆற்றங்கரையில் வாரம் மூன்று நான்கு நாள் ஓட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, வெயிலில் உட்கார்ந்து பேட்ச் ஒட்டும் வேலை பெரும்பாலும் இல்லாமல் போகிறது.

இரண்டாவது, காற்றைக் குறைத்து ஓட்டலாம். டியூப் நசுங்கும் பயம் இல்லாததால் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான மலைச் சைக்கிள் டயரில் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்ட முடியும். 40 மி.மீ. டயரில் ஆளின் எடையைப் பொறுத்து 35 முதல் 45 வரை. இறுகிய டிராக்டர் தடத்தில் இந்த வித்தியாசம் மணிக்கட்டிலும் முதுகிலும் தெரியும். கல்லணைக் கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் போதும். டயர் மண்ணைப் பிடித்துக்கொண்டு போவது தெரியும், கை அதிராது. என்னைக் கேட்டால் பஞ்சர் குறைவதைவிட இதுவே பெரிய லாபம், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

எடை குறையும், வேகம் கூடும் என்பார்கள். டியூபை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 60 முதல் 120 மி.லி. வரை திரவம் ஊற்றுகிறோம், டேப்பும் வால்வும் சேர்க்கிறோம். சில பத்து கிராம் மிஞ்சலாம். போட்டியில் ஓடுகிறவருக்கு அது கணக்கு, நமக்கு இல்லை.

இனி அது கேட்கும் வேலை. முதலில் டயரை ரிம்மில் உட்கார வைக்க வேண்டும். டயரின் இரு விளிம்பும் ரிம்மின் ஓரத்தில் ஏறி இறுக வேண்டும், அதற்கு ஒரே மூச்சில் நிறையக் காற்று தேவை. கைப்பம்பில் பல சமயம் முடியாது. விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு, டூவீலர் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று விட்டால் ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம் கேட்கும். விளிம்பு உட்கார்ந்துவிட்டது. பிறகு காற்றை விட்டு, வால்வு வழியாக ஊசிக்குழலில் திரவத்தை ஏற்றி, உள்ளூசியை மாட்டி, மறுபடி காற்றடித்து, சக்கரத்தை நாலா பக்கமும் சாய்த்துக் குலுக்க வேண்டும். டியூப்லெஸ் வால்வு பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வகை. கடைக் குழாய் அதில் பிடிக்காது. அதற்கான சின்னப் பித்தளை அடாப்டரைச் சாவிக்கொத்திலேயே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. கம்ப்ரஸரில் அடிக்கும்போது டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓரத்தில் டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத புதுவகை ரிம் என்றால் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவே கூடாது.

அடுத்தது வெயில். புட்டிகளில் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை என்று போட்டிருப்பார்கள். வெப்பம் கூடினால் திரவம் சீக்கிரம் காயும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நிற்கிற சைக்கிளுக்கு நான் இரண்டு மாதக் கணக்குதான் வைப்பேன். உள்ளூசியைக் கழற்றி மெல்லிய குச்சியை விட்டுப் பார்த்தால் நுனி நனைகிறதா என்று தெரியும். நனையவில்லை என்றால் ஊற்ற வேண்டும். ஒரு முறை ஊற்றும் செலவு சாதாரண பஞ்சர் கூலியைப் போலப் பல மடங்கு. ஆண்டுக்கு நான்கைந்து தடவை, இரண்டு சக்கரத்துக்கு என்று போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஏழெட்டுப் பஞ்சர்தான் ஆகிறது என்றால் பணக் கணக்கில் டியூப்தான் ஜெயிக்கும்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் திரவம் கீழே ஒரே இடத்தில் தேங்கி அங்கேயே உறையும். நடவு, அறுப்பு, கல்யாணம், காரியம் என்று மாதக்கணக்கில் சைக்கிளைத் தொடாமல் விடுகிறவர் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு டியூப்லெஸ் ஒத்துவராது.

பெரிய கிழிசல் வந்தால்தான் உண்மையான சிக்கல். முதலில் சைக்கிளுக்கென்று விற்கும் மெல்லிய திரியைச் செருகிப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள் திரி தடிமனானது, அதன் ஊசி சைக்கிள் டயரின் ஓட்டையை இன்னும் பெரிதாக்கிவிடும். கடையில் ஆர்வத்தோடு எடுத்து வருவார்கள், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரியும் பிடிக்கவில்லை என்றால் டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டுச் சாதாரண டியூபை உள்ளே போட வேண்டும். இங்கேதான் கவனம். மாதக்கணக்கில் திரவம் அடைத்துக் காப்பாற்றிய முள்ளெல்லாம் டயரின் உள்பக்கத்தில் நுனியை நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே ரப்பர் படிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. துணியை வைத்து உள்பக்கம் முழுக்க மெதுவாகத் தடவி, துணி மாட்டும் இடத்திலெல்லாம் இடுக்கியால் பிடுங்கி எடுக்காமல் டியூபைப் போட்டால், பத்தடி தாண்டாது.

நடுவில் இருக்கும் வழிகள்

டியூபுக்குள்ளேயே திரவம் ஊற்றுவது டெல்டாவில் பலருக்குப் போதுமான வழி என்று நினைக்கிறேன். நம் ஊரில் விற்கும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் மாதிரியான தடித்த வால்வுதான். அதன் உள்ளூசியை எந்தப் பஞ்சர் கடையிலும் கழற்றித் தருவார்கள். திரவம் ஊற்றி மூடிவிட்டால் நெருஞ்சியைச் சமாளிக்கும். ரிம்மை மாற்ற வேண்டாம், டயரை மாற்ற வேண்டாம். குறை இரண்டு. நசுங்கி விழும் இரட்டை ஓட்டைக்கு இது பெரும்பாலும் பலிக்காது. பிறகு அந்த டியூபைப் பேட்ச் ஒட்டக் கொடுத்தால் பிசுபிசுப்பில் சொல்யூஷன் பிடிக்காது, கடைக்காரர் அலுத்துக்கொள்வார். அந்த டியூபைத் தீர்ந்ததாக வைத்துப் புதிது போட வேண்டியதுதான். வால்டியூப் மாட்டிய பழைய வகை வால்வில் ஊற்றினால் அந்தச் சின்ன ரப்பர் குழாய் அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு, தவிர்க்கலாம்.

டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பட்டை இன்னொரு வழி. கிராமத்தில் பழைய டயரையோ டியூபையோ வெட்டி உள்ளே வைப்பதன் கடைச் சரக்குதான் இது. முனை சீராக இல்லாவிட்டால் அதுவே டியூபைத் தேய்த்து ஓட்டை போடும். வாங்கினால் முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி வையுங்கள்.

உள்ளுக்குள் தடித்த ரப்பர் அடுக்கு வைத்த டயர்களும் உண்டு. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்ஸில் அந்த அடுக்கு 5 மி.மீ. நெருஞ்சி அதைத் தாண்டுவது கடினம். கனம், விலை இரண்டும் கூடுதல், ஓட்டம் கொஞ்சம் மந்தம். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர், பராமரிப்பில் மனம் இல்லாதவர் தாராளமாக இதற்குச் செலவு செய்யலாம். காற்றே இல்லாத திட டயரைப் பற்றிக் கேட்கிறார்கள். நம் சாலைக்கு வேண்டாம். அதிர்வு முழுக்க உடம்புக்கும் போக்ஸ் கம்பிக்கும் போகும்.

யாருக்கு எது

தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி ஊருக்குள்ளும் மெயின் ரோட்டிலும் ஓட்டுகிறவர் டியூபோடு இருங்கள். நெருஞ்சித் தொல்லை இருந்தால் டியூபுக்குள் திரவம். அதற்கு மேல் தேவையில்லை.

ஆற்றங்கரையே கதி என்று வாரத்தில் பல நாள் ஓட்டுகிறவர், அகலமான டயர் உள்ள சைக்கிள், ரிம்மும் டயரும் ‘டியூப்லெஸ் ரெடி’ என்று எழுதி வந்தவை என்றால் தயங்காமல் மாறலாம். அந்த எழுத்து இல்லாத ரிம்மில் டேப்பைச் சுற்றிச் சமாளிக்கலாம் என்று செய்து காட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். வளைவில் விளிம்பு நழுவிக் காற்று பொசுக்கென்று போனால் விழுவது நீங்கள்தான். புது ரிம், புது டயர் இரண்டும் வாங்கித்தான் மாற வேண்டும் என்றால் அந்தப் பணத்தை இப்போதைக்கு வைத்துக்கொண்டு, அடுத்த சைக்கிள் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) போன்றவற்றுக்குப் பழகுகிறவருக்கு, இருட்டில் பஞ்சர் ஒட்டும் வேலை மிச்சமாவதால் டியூப்லெஸ் கைகொடுக்கும்.

வேதாரண்யம் பக்கம்தான் முடிவு கடினம். கருவை முள்ளுக்கு டியூப்லெஸ் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. அங்கே நான் பார்ப்பது டயரின் பக்கச் சுவரின் தடிமனை. மெல்லிய பந்தய டயரில் திரவம் ஊற்றுவதைவிட, பக்கச் சுவர் வலுவான டயரில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவது மேல்.

மாறுவதாக இருந்தால் தை கடைசியில் மாறுங்கள், மாசி நெருஞ்சிக்கு முன்னால் திரவம் புதிதாக இருக்கும். சித்திரையில் குச்சி விட்டுப் பார்த்து ஊற்றினால் தூர்வாரும் மாதங்களைத் தாண்டிவிடலாம். பையில் ஒரு டியூப், மெல்லிய திரி, இடுக்கி, துணி, பித்தளை அடாப்டர், சின்னப் பம்பு. இதில் டியூபையும் இடுக்கியையும் மட்டும் எந்த நாளும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.